தலைக்கு மேல் ஒரு டகோட்டா: ஊரில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

2024 அக்டோபர் 6-ஆம் தேதி சென்னை மெரினாவில் விமானப்படையின் சாகசக் காட்சி நடந்தது. முந்தைய ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸில் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ரஃபேல், தேஜஸ், சுகோய் என்று போர் விமானங்கள் எல்லாம் பறந்தன. ஊருக்குத் திரும்பிய பிறகு நான் ஓயாமல் பேசியது அவற்றைப் பற்றியல்ல. கூட்டத்தோடு கூட்டமாக நிதானமாகப் பறந்து போன டகோட்டா என்ற ஒரு பழைய விமானத்தைப் பற்றித்தான். டீக்கடை, களத்துமேடு, கல்யாணப் பந்தி என்று எங்கே போனாலும் அதே கேள்விகள் வருகின்றன. ஒவ்வொருவருக்காகச் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன்.

தினமும் சுகோய் பார்க்கிற ஊர்க்காரன் நீ. ஒரு கிழட்டு விமானத்தில் அப்படி என்ன கண்டாய்?

எங்கள் ஊர் தஞ்சாவூருக்குத் தெற்கே இருக்கிறது. புதுக்கோட்டை ரோட்டில் உள்ள விமானப்படைத் தளத்துக்கு சைக்கிளிலேயே போய்விடலாம். 2020 ஜனவரி 20-ஆம் தேதி 222-வது ஸ்குவாட்ரன் (விமானப்படைப் பிரிவு) சுகோய் விமானங்களோடு இங்கே குடிவந்தது. அன்றிலிருந்து எங்கள் காது பழகிய கதை வேறு. சத்தம் வரும், நிமிர்ந்து பார்ப்போம், சத்தம் வந்த இடத்தில் ஒன்றும் இருக்காது. விமானம் எங்கேயோ முன்னால் போயிருக்கும். வெளியூர் விருந்தாளிகள் அண்ணாந்து தேடிக்கொண்டிருக்க, நாங்கள் "அங்க இல்லைங்க, அந்தப் பனைமரத்துக்கு நேரா பாருங்க" என்று கை காட்டுவோம்.

காரணம் சின்னக் கணக்குத்தான். சத்தம் ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ மூன்று விநாடி பிடிக்கும். மணிக்கு 900 கிலோமீட்டர் வேகத்தில் போகிற ஜெட், அந்த மூன்று விநாடியில் முக்கால் கிலோமீட்டர் தாண்டிவிடும். டகோட்டா மணிக்கு 250 கிலோமீட்டரை ஒட்டிப் போகும். அதே மூன்று விநாடியில் இருநூறு மீட்டர்தான் நகரும். அதனால் சத்தம் வந்த பக்கம் திரும்பினால் விமானம் அங்கேயே இருக்கும்.

மெரினாவில் எனக்கு முதலில் காதில்தான் விழுந்தது. தூரத்தில் யாரோ ரைஸ்மில் பெல்ட்டை மாட்டி ஓட்ட ஆரம்பித்தது மாதிரி ஒரு முனகல். நிமிர்ந்தால் இறக்கையை அகல விரித்த ஒரு உருவம். நேர் மேலே வந்தபோது இன்ஜின்களுக்கு அடியில் பாதி மறைந்தும் பாதி தெரிந்தும் இரண்டு சக்கரங்கள் இருந்தன. காலை மடக்கிக்கொண்டு பறக்கிற பறவை மாதிரி. ஜன்னல்களைக்கூட எண்ணியிருக்கலாம், எனக்குத்தான் தோன்றவில்லை. பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் குடையை மடக்கிவிட்டார். அந்த வெயிலில், பார்ப்பதற்காக மடக்கினார். ரஃபேல் வந்தபோது அவர் அதைச் செய்யவில்லை.

அது டகோட்டாதான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

இறக்கையைப் பாருங்கள். முனைக்கு முனை 29 மீட்டர். சுகோயின் இறக்கை 15 மீட்டருக்கும் குறைவு. ஆக நம் தலைக்கு மேல் இடி இடிக்கிற சுகோயைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு அகலம் இந்தக் கிழம். இறக்கையின் முன்விளிம்பு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், பின்விளிம்பு நேர்க்கோடாக இருக்கும். இரண்டு பக்கமும் ஒவ்வொரு விசிறி இன்ஜின். மேலே சொன்ன பாதி மறைந்த சக்கரம் இன்னொரு அடையாளம்.

தரையில் நின்றால் சந்தேகமே வராது. வால் பக்கம் ஒரு குட்டிச் சக்கரம், மூக்கு வானத்தைப் பார்த்திருக்கும். சோற்றுத் தட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற நாய் மாதிரி.

இது குண்டு போடுவதற்காகச் செய்த விமானமா?

இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் பதிலைக் கேட்டதும் கொஞ்சம் ஏமாந்துதான் போனார்கள். டகோட்டா ஆளையும் மூட்டையையும் ஏற்றுகிற விமானம். 1935 டிசம்பர் 17-ஆம் தேதி அமெரிக்காவில் டிசி-3 என்ற பெயரில் பயணிகள் விமானமாக முதலில் பறந்தது. இரண்டாம் உலகப் போரில் ராணுவ வேலைக்கு மாற்றி ஆயிரக்கணக்கில் செய்து தள்ளினார்கள். டகோட்டா என்பது பிரிட்டிஷ்காரர்கள் வைத்த பெயர். போர் முடிந்து மிச்சமிருந்தவை உலகம் முழுக்கப் பயணிகளை ஏற்றின. நம் இந்தியன் ஏர்லைன்ஸும் ஆரம்ப காலத்தில் இவற்றை வைத்துத்தான் ஓட்டியது.

என்னைக் கேட்டால் நம் விமானப்படையின் தொடக்க கால வரலாறு பாதிக்கு மேல் இந்த மூட்டை தூக்கியின் முதுகில்தான் இருக்கிறது. பாகிஸ்தான் பக்கமிருந்து ஊடுருவியவர்கள் காஷ்மீருக்குள் முன்னேறிக்கொண்டிருந்தபோது, 1947 அக்டோபர் 27-ஆம் தேதி காலையில் டெல்லியிலிருந்து சீக்கிய ரெஜிமெண்டின் முதல் பட்டாலியனை ஸ்ரீநகரில் கொண்டுபோய் இறக்கியவை டகோட்டாக்கள். அன்றைக்கு அவை போகாமல் இருந்திருந்தால் ஸ்ரீநகர் விமான நிலையமே கைவிட்டுப் போயிருக்கும்.

அடுத்த ஆண்டு, 1948 மே 24-இல், ஏர் கமடோர் மெஹர் சிங் ஒரு டகோட்டாவை லடாக்கில் உள்ள லேயில் இறக்கினார். தரைப்படையின் மேஜர் ஜெனரல் திம்மையா கூடவே போனார். லே கடல்மட்டத்திலிருந்து பத்தாயிரம் அடிக்கு மேலே இருக்கிற ஊர். டகோட்டாவில் காற்றழுத்தம் சீராக்கும் வசதி கிடையாது, போகிற வழியோ மலை மலையாக. இறங்கிய இடம் ஆற்றங்கரை மணலில் அவசரத்துக்குப் போட்ட பாதை. கொள்ளிடம் மணலில் மாட்டுவண்டி இறக்கிப் பார்த்தவர்களுக்கு அந்த வார்த்தையின் கனம் புரியும். 1971 போரில், இன்றைய வங்கதேசத்தில் உள்ள டாங்கைலில் பாராசூட் வீரர்களை இறக்கியபோதும் மற்ற விமானங்களோடு டகோட்டாவும் போயிற்று. 1980-களின் கடைசி வரை படையில் வேலை பார்த்தது.

நீ பார்த்தது எங்கேயிருந்து வந்த டகோட்டா?

1944-இல் செய்தது. முதலில் பிரிட்டிஷ் விமானப்படையிலும் அப்புறம் தனியார் கைகளிலும் இருந்தது. 2011-இல் ராஜீவ் சந்திரசேகர் அதை வாங்கினார், அப்போது அவர் மாநிலங்களவை உறுப்பினர். அவருடைய அப்பா ஏர் கமடோர் எம்.கே. சந்திரசேகர் டகோட்டா ஓட்டியவர். பிரிட்டனில் வைத்துச் சீர்செய்து விமானப்படைக்குப் பரிசாகக் கொடுத்தார்.

2018 ஏப்ரல் 17-ஆம் தேதி இங்கிலாந்தின் கோவென்ட்ரியிலிருந்து கிளம்பி, பிரான்ஸ், இத்தாலி, கிரீஸ், ஜோர்டான், சவூதி, பஹ்ரைன், ஓமன் என்று தங்கித் தங்கி, 25-ஆம் தேதி ஜாம்நகரில் இறங்கியது. கப்பலில் ஏற்றி அனுப்பவில்லை, தானே பறந்து வந்தது. இதைச் சொன்னால்தான் டீக்கடையில் எல்லோரும் "அடேயப்பா" என்கிறார்கள். மே 4-ஆம் தேதி டெல்லிக்குப் பக்கத்தில் ஹிண்டன் தளத்தில் முறைப்படி படையில் சேர்த்தார்கள். பரசுராமா என்று பெயர். இதனோடு டைகர் மாத் என்ற இரட்டை அடுக்கு இறக்கைப் பயிற்சி விமானமும், மஞ்சள் நிற ஹார்வர்ட் என்ற இன்னொரு பயிற்சி விமானமும் விமானப்படையின் பழம்விமானப் பிரிவில் இருக்கின்றன. மெரினாவில் ஹார்வர்டும் பறந்தது.

உடம்பில் விபி 905 என்று எழுதியிருக்கிறதே. அப்படியானால் காஷ்மீருக்குப் போன அதே விமானமா?

இல்லை. ஸ்ரீநகரில் முதலில் இறங்கிய டகோட்டாவின் எண் விபி 905. அதை நினைவுபடுத்த இந்த விமானத்துக்கு அந்த எண்ணைத் தீட்டினார்கள்.

"அப்போ டூப்ளிகேட்டா?" என்று ஒருவர் கேட்டார். அவரிடம் நான் திரும்பக் கேட்டேன்: திருவாரூர் ஆழித்தேர் டூப்ளிகேட்டா? பழைய தேர் எரிந்து போய், புதிதாக மரம் இழைத்துச் செய்த தேரைத்தான் நாம் வடம் பிடித்து இழுக்கிறோம். யாரும் அதை நகல் தேர் என்று சொன்னதில்லை. அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "தேர் சாமிக்கு, இது காட்சிக்கு" என்றார். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. என் கணக்கில், விமானம் அசல் டகோட்டா, நம்பர் மட்டும் நினைவு நம்பர். அதைச் சொல்லிவிட்டுக் காட்டினால் தப்பில்லை.

பழைய விமானத்தைச் சீர்செய்வது என்றால் பெயிண்ட் அடிப்பதுதானே?

பெயிண்ட் கடைசி வேலை. டகோட்டாவின் உடம்பு அலுமினியத் தகடு, தகட்டைச் சட்டத்தோடு பிடிப்பது ஆயிரம் ஆயிரமாக ரிவெட். துரு என்றால் நமக்கு இரும்புதான் ஞாபகம் வரும். அலுமினியமும் அரித்துப் போகும். வெள்ளையாக மாவு பூத்து, தகடு அடுக்கடுக்காக உரியும். நாகப்பட்டினம் பக்கம் கடற்காற்றில் ஒரு அலுமினிய ஜன்னல் எப்படி ஆகிறது என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். இடுக்குகளில் அரிப்பு இருக்கிறதா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கெட்ட தகட்டை வெட்டி எடுத்துப் புதிது வைக்க வேண்டும். ரப்பர் குழாய், ஒயர், எண்ணெய் சீல் ஆகியவை வயதாலேயே கெட்டுப்போகிறவை, அவற்றை மாற்றித்தான் ஆக வேண்டும். கண்ணாடிக்குள் வைக்கிற விமானத்துக்கு இதில் பாதி வேண்டாம். பறக்கிற விமானத்துக்கு எல்லாமும் வேண்டும்.

எரிபொருள் இன்னொரு தலைவலி. ஜெட் குடிப்பது மண்ணெண்ணெய்க்குச் சொந்தக்கார எரிபொருள், எந்தத் தளத்திலும் கிடைக்கும். டகோட்டாவுக்கு விமானப் பெட்ரோல் வேண்டும். நம் நாடு அதை இறக்குமதிதான் செய்துகொண்டிருந்தது. 2022-இல்தான் இந்தியன் ஆயில் இங்கேயே தயாரிக்க ஆரம்பித்தது.

அந்தச் சத்தம் ஏன் ஏறி இறங்கி அலைந்தது?

நான் போனில் பிடித்து வந்த வீடியோவைக் கேட்டுவிட்டு ஒரு நாதஸ்வர வித்வான் கேட்ட கேள்வி இது. கேட்டவரே பாதி பதிலையும் சொல்லிவிட்டார்: "சுருதி சேரலை."

அதேதான். ஒவ்வொரு இன்ஜினும் பதினாலு சிலிண்டர், 1200 குதிரைசக்தி. சிலிண்டர்கள் வரிசையாக இல்லாமல் பூவிதழ் மாதிரி வட்டமாக, இரண்டு அடுக்காக இருக்கும். நிதானமான வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 2050 சுற்றுச் சுற்றினால், நடுவில் உள்ள பல்சக்கரம் வேகத்தைக் குறைத்து, விசிறியை 1150 சுற்றளவில் சுற்ற விடும். விசிறிக்கு மூன்று இதழ். ஆக விநாடிக்கு ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு முறை ஓர் இதழ் காற்றை அறைகிறது. காதுக்கு அது அடித்தொண்டை முனகலாகக் கேட்கிறது. டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்றால் கேட்கிற உறுமலைவிடத் தாழ்ந்த சுருதி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு இன்ஜினும் துல்லியமாக ஒரே வேகத்தில் சுற்றினால் ஒரே முனகல்தான். ஒன்று துளி முந்தினாலும் இரண்டு சத்தமும் ஒரு கணம் சேர்ந்து பெருக்கும், மறு கணம் ஒன்றையொன்று அமுக்கும். ஊம்... ஊம்... ஊம் என்று அலை எழும். இரண்டு தம்பூராவைச் சரியாகச் சேர்க்காமல் மீட்டினால் எழுகிற அதே அலை. திருவையாற்றில் கச்சேரிக்கு முன்னால் சுருதி கூட்டுகிறவர்கள் இந்த அலை நிற்கிற வரைக்கும்தான் பிருடையைத் திருகுவார்கள். டகோட்டா விமானியும் ஒரு கையால் நெம்புகோலைத் தொட்டுத் தொட்டு, காதால் கேட்டுத்தான் அலையை அடக்குவார்.

இன்ஜின் கிளம்பும்போது குப்பென்று புகை விடுமாமே?

விடும், பயப்பட வேண்டாம். வட்டமாக இருக்கிற சிலிண்டர்களில் கீழ்ப்பக்கம் உள்ளவை தலைகீழாக இருக்கின்றன. இன்ஜின் ஓய்ந்திருக்கும்போது எண்ணெய் கீழே கசிந்து அவற்றில் தேங்கும். அதோடு முடுக்கினால் எண்ணெயை அமுக்க முடியாமல் உள்ளே ஏதாவது வளையும், உடையும். அதனால் கிளப்புவதற்கு முன்னால் ஆட்கள் விசிறியைக் கையாலேயே சில சுற்றுச் சுற்றிப் பார்ப்பார்கள். அப்புறமும் மிச்சமிருக்கிற எண்ணெய் எரிந்துதான் அந்த நீலப்புகை. பம்புசெட்டில் பழைய ஆயில் இன்ஜினைக் கைப்பிடி போட்டுச் சுற்றிக் கிளப்பியவர்களுக்கு இதில் எதுவும் புதிதில்லை.

போர்க்காலத்தில் தஞ்சாவூரில் விமானம் இருந்ததா?

இருந்தது. இப்போதைய தளத்தின் வேர் அங்கேதான். நஞ்சையில் ஓடுபாதை நிற்காது, நாலு நாள் மழையில் சேற்றில் புதைந்துவிடும். தஞ்சாவூருக்குத் தெற்கே வல்லம் பக்கம் செம்மண் மேடு, கெட்டித் தரை. அங்கேதான் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானத்தளம் வந்தது. 1942 அக்டோபரில் பிரிட்டிஷ் விமானப்படையின் 36-வது ஸ்குவாட்ரனை இங்கே வெல்லிங்டன் விமானங்களோடு மறுபடி கட்டியெழுப்பினார்கள். வங்காள விரிகுடாவைக் கண்காணிக்கிற வேலைக்கு. வெல்லிங்டன் வேடிக்கையான விமானம். கூடை முடைவது போலப் பின்னிய உலோகச் சட்டம், அதன் மேல் இழுத்துப் போர்த்திய துணி. துணிதான், தகடு இல்லை. போர் முடிந்ததும் தளம் தூங்கிப்போனது. 2013 மே மாதம்தான் பெரிய விமானப்படைத் தளமாக மறுபடி எழுந்தது. தூக்கத்திலிருந்து எழாதவையும் இருக்கின்றன: உளுந்தூர்பேட்டை, சோழவரம், செட்டிநாடு என்று போர்க்காலத்து ஓடுபாதைகள் தமிழ்நாட்டில் பல.

எங்கள் அப்பாயிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. கண் சரியாகத் தெரியாது. மெரினா வீடியோவைக் காதுப் பக்கம் வைத்து, "அப்பாயி, இது என்ன சத்தம் சொல்லு" என்றேன். ரைஸ்மில் என்று சொல்லும் என்றுதான் நினைத்தேன்.

"ஏரோப்ளான்டா. முக்கிக்கிட்டே வருமே, அது."

தினமும் மேலே பறக்கிறதும் ஏரோப்ளான்தானே என்றேன். "அது இடிடா" என்றது. அப்புறம் அதுவாகவே ஆரம்பித்தது. பத்து வயசு இருக்குமாம். கீரை பறித்துக்கொண்டிருந்தபோது மேலே வந்ததாம். ஜப்பான்காரன் குண்டு போட வந்துவிட்டான் என்று அண்ணன் கையைப் பிடித்துப் புளியமரத்தடிக்கு இழுத்துக்கொண்டு ஓடினாராம். அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1942 ஏப்ரலில் ஜப்பான் வரப்போகிறது என்று சென்னையையே காலி செய்துகொண்டு ஜனங்கள் உள்ளூர்களுக்கு ஓடி வந்த காலம் அது. "நம்மூரு வெள்ளக்காரன் ஏரோப்ளான்தான்னு பொறவுதான் சொன்னாங்க. அதுக்குள்ள கீரைய ஆடு தின்னுடுச்சு. அம்மா அடிச்சிச்சு."

அது கேட்டது டகோட்டா சத்தமாக இருந்திருக்காது, வெல்லிங்டனாக இருக்கலாம். இரண்டுக்கும் பூவிதழ் இன்ஜின்தான், சத்தத்தில் அண்ணன் தம்பி. எண்பது வருஷம் கழித்து அந்தக் காது அதை அடையாளம் கண்டுகொண்டது.

டகோட்டா நம்ம ஊருக்கு மேல் வருமா?

அதன் வீடு ஹிண்டன். அக்டோபர் 8-ஆம் தேதி விமானப்படை நாளை ஒட்டி நடக்கிற காட்சிகளுக்கு அது வெளியே வரும். காட்சி எந்த ஊரில் என்று ஆகஸ்ட், செப்டம்பரிலேயே செய்தித்தாளைப் பார்த்துக்கொண்டிருங்கள். தெற்குப் பக்கம் நடந்தால் ஒத்திகை நாட்களில் வானத்தைக் கவனியுங்கள். ஒத்திகையில் கூட்டம் குறைவு, பார்ப்பதற்கு அதுதான் எனக்குப் பிடித்த நாள். டெல்டாவில் நமக்கு ஒரு சௌகரியம், மலையும் இல்லை, அடுக்குமாடியும் அதிகம் இல்லை. வரப்பில் நின்றால் தென்னந்தோப்பு விளிம்பு வரைக்கும் வானம் நம்முடையது.

தளத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்காதீர்கள், டிரோன் விடாதீர்கள், சட்டப்படி குற்றம். இறைச்சிக் கழிவைத் தள வட்டாரத்தில் கொட்டவும் கூடாது. கழிவுக்குப் பருந்து வரும், பருந்து இன்ஜினுக்குள் போகும்.

போனில் எடுத்தால் விசிறி வாழைப்பழம் மாதிரி வளைந்திருக்கிறதே?

போன் கேமரா படத்தை ஒரே அடியாக எடுப்பதில்லை, மேலிருந்து கீழாக வரி வரியாகப் படிக்கிறது. ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் இதழ் நகர்ந்துவிடுவதால் வளைந்து தெரிகிறது. நல்ல கேமரா இருந்தால் விநாடியில் 125-இல் ஒரு பங்கு, 250-இல் ஒரு பங்கு என்று மெதுவான ஷட்டரில் எடுங்கள். விசிறி வட்டமாகக் கலங்கித் தெரியும், அழகு அதுதான். ரொம்ப வேகமான ஷட்டர் வைத்தால் விசிறி நின்றுபோய், கயிற்றில் தொங்கவிட்ட பொம்மை மாதிரி ஆகிவிடும். என் யோசனையைக் கேட்டால் முதல் சுற்றை வெறும் கண்ணால் பாருங்கள், அடுத்த சுற்றுக்குக் கேமராவை எடுங்கள்.

இப்படிக் காட்சிக்குப் போவதானால் என்ன எடுத்துப் போக வேண்டும்?

தண்ணீர், குடை, தொப்பி, சாப்பாடு. சாதாரணமாகச் சொல்லவில்லை. அன்றைக்கு மெரினாவுக்கு வந்தவர்களில் ஐந்து பேர் உயிரோடு வீடு திரும்பவில்லை. உச்சி வெயில், லட்சக்கணக்கில் கூட்டம். வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் கூட்டிப் போகாதீர்கள். முடிந்த உடனே எல்லோரோடும் கிளம்பாமல், நிழல் பார்த்து இரண்டு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

டகோட்டாவுக்கு ஹாரன் உண்டா?

அக்கா மகன் கேட்டது, இரண்டாம் வகுப்பு. எல்லோரும் சிரித்தார்கள். உண்மையில் உண்டு. சக்கரத்தை இறக்காமலே விமானி வேகத்தைக் குறைத்துத் தரையிறங்கப் பார்த்தால் உள்ளே ஒரு ஹாரன் அலறும். வழி விடச் சொல்லி வெளியே இருக்கிறவர்களுக்கு அடிப்பதில்லை, விமானிக்கு மட்டும். இதைச் சொன்னதும் அவன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ மாடு குறுக்க வந்தா?" என்றான்.